பெயர் வைத்ததே பீட்டர் கிரீன்தான், அப்புறம் என்ன சண்டை?

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டேன், இனி முடியாது. முதலில் புளூஸ் (கறுப்பின அமெரிக்கர்களிடம் பிறந்த இசை) வாசித்து, பிறகு பாப் பக்கம் போன பேண்ட் ஃப்ளீட்வுட் மேக். அவர்கள் பாட்டு ஒன்றை நிம்மதியாகக் கேட்க விடமாட்டேன் என்கிறார்கள். பாட்டு தொடங்கி ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, பக்கத்தில் ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: "பீட்டர் கிரீன் போனதோட அந்த பேண்ட் செத்துப்போச்சு." அவர் இல்லையென்றால் எதிர்க்கட்சிக்காரர் இருப்பார்: "ஸ்டீவி நிக்ஸ் வர்றதுக்கு முன்னாடி இவங்களை யாருக்குத் தெரியும்?" கிரீன் பேண்டைத் தொடங்கிய கிட்டார் கலைஞர், நிக்ஸ் பிறகு வந்த பாடகி. நான் இந்த பேண்டைக் கேட்க ஆரம்பித்த நாளிலிருந்து இதே இரண்டு வாக்கியங்கள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை நண்பன் வீட்டில் நிக்ஸ் பாடிய 'ட்ரீம்ஸ்' ஓடிக்கொண்டிருந்தது. கிட்டார் அருமையாக வாசிக்கிற அண்ணன் ஒருவர், நான் ரொம்ப மதிக்கிறவர், எழுந்து வந்து பாட்டைப் பாதியில் நிறுத்தினார். "தம்பி, இதெல்லாம் காசுக்காகப் போட்டது. இது ஃப்ளீட்வுட் மேக்கே கிடையாது" என்றார். நண்பனின் தங்கை கல்லூரியில் படிக்கிறாள். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "போங்கண்ணா, உங்க பழைய பாட்டெல்லாம் ஒரே மாதிரி இருக்கு, தூக்கம்தான் வருது" என்றாள். அவ்வளவுதான், ஒன்றரை மணி நேரம் வாய்ச்சண்டை. நிறுத்திய பாட்டை யாரும் திரும்பப் போடவே இல்லை. நான் வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் மனசு கொதித்துக்கொண்டே இருந்தது. அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

முதலில் அண்ணனுக்கு. அந்தப் பெயர் யாருடையது? 1967-இல் ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் பேண்டை விட்டு வெளியே வந்து பேண்ட் தொடங்கியபோது, தன் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொள்ள பீட்டர் கிரீனுக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. அங்கே எரிக் கிளாப்டன் என்கிற பெரிய கிட்டார் கலைஞர் விட்டுப்போன இடத்தில் நின்று காட்டிய ஆள் அவர். ஆனால் டிரம்ஸ் வாசிக்கிற மிக் ஃப்ளீட்வுட், பேஸ் வாசிக்கிற ஜான் மெக்வீ, இவர்கள் இரண்டு பேரின் பெயரைத்தான் சேர்த்து வைத்தார். அந்த நேரத்தில் மெக்வீ பேண்டில் சேரக்கூட இல்லை. மேயாலிடம் வருகிற சம்பளத்தை விட்டுவர அவருக்குத் தயக்கம். ஆகஸ்ட் மாதம் வின்ட்சர் விழாவில் முதல் கச்சேரி நடந்தபோது பேஸ் வாசித்தது பாப் பிரன்னிங். ஆள் வருவதற்கு முன்பே அவர் பெயரை பேண்டுக்கு வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார் கிரீன்! அந்த டிரம்ஸும் பேஸும் 'ட்ரீம்ஸ்' இருக்கிற 'ரூமர்ஸ்' ஆல்பத்திலும் இருக்கின்றன. அதே இரண்டு பேர், அதே கைகள். பிறகு எந்த வாயால் அதை "ஃப்ளீட்வுட் மேக்கே கிடையாது" என்று சொல்கிறீர்கள்? பெயர் வைத்தவருக்கு இல்லாத பிடிவாதம் உங்களுக்கு எதற்கு?

"காசுக்காக" என்கிற அந்த வார்த்தைதான் எனக்கு ரத்தத்தைக் கொதிக்க வைக்கிறது. 'ஆல்பட்ராஸ்' 1969 தொடக்கத்தில் பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாட்டு. 'மேன் ஆஃப் தி வேர்ல்ட்' இரண்டாம் இடம். 'ஓ வெல்' இரண்டாம் இடம். எல்லாம் ஒரே வருஷத்தில். விற்பதுதான் குற்றம் என்றால் முதல் குற்றவாளி கிரீன் காலத்து பேண்ட்தான். 'ஆல்பட்ராஸில்' 12 பார் புளூஸ் (12 தாளக்கட்டு சுற்றிச் சுற்றி வருகிற புளூஸ் வடிவம்) எங்கே இருக்கிறது? அது அலை மாதிரி மெதுவாக ஏறி இறங்குகிற ஒரு வாத்திய இசை. 'ஓ வெல்' பாட்டின் இரண்டாவது பாதி ஸ்பானிஷ் கிட்டார் பக்கம் போய்விடுகிறது. 1969-லேயே அந்த மனிதர் புளூஸ் வேலியைத் தாண்டி எங்கேயோ போய்விட்டார், நீங்கள்தான் அவரை வேலிக்குள்ளே கட்டிவைத்துக் கும்பிடுகிறீர்கள். 1968-இல் வந்த 'மிஸ்டர் வொண்டர்ஃபுல்' ஆல்பத்தைக் கேளுங்கள். புளூஸ் கிட்டார் கலைஞர் எல்மோர் ஜேம்ஸின் அதே ஸ்லைடு ரிஃப்பில் (தந்தியில் வழுக்கி வாசிக்கிற துணுக்கில்) நான்கு பாட்டு தொடங்குகிறது. எனக்கு அந்த ஆல்பம் பிடிக்கும், ஆனால் அந்த இடத்தில் தங்கச்சி சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறைக்கப்போவதில்லை.

அடுத்தது, கிட்டார் கலைஞர் லிண்ட்ஸி பக்கிங்ஹாமும் நிக்ஸும் வந்துதான் கிரீனைத் துரத்திவிட்டார்கள் என்பது போல ஒரு பேச்சு. கிரீன் போனது 1970 மே மாதம். அவர்கள் இருவரும் சேர்ந்தது 1974 கடைசியில். நடுவில் நாலரை வருஷம்! சம்பாதித்த பணத்தை எல்லாம் தானமாகக் கொடுத்துவிடலாம் என்று கிரீன் சொல்லிக்கொண்டிருந்தார், மற்றவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. போதைமருந்து ஒரு பக்கம், மனநோய் ஒரு பக்கம் அவரைத் தின்றுகொண்டிருந்தது. 'மேன் ஆஃப் தி வேர்ல்ட்' கேட்டிருக்கிறீர்களா, உட்கார்ந்து முழுசாக? கிட்டார் ஒவ்வொரு தந்தியாக மெதுவாக விழும். தனக்கு எல்லாம் இருக்கிறது என்று பக்கத்து அறையில் தூங்குகிறவரை எழுப்பிவிடாமல் பேசுவது போலச் சொல்லிக்கொண்டே போவார். அப்படியே குரலை உயர்த்தாமல், பிறக்காமலே இருந்திருக்கலாம் என்கிற இடத்துக்கு வந்துவிடுவார். இளம் வயதில், புகழின் உச்சியில் இருக்கிற ஒருவர் பாடியது அது. அவருடைய வலியை எடுத்து "அப்போதான் அசல் இசை" என்று பட்டம் கட்டி, இன்னொரு பெண்ணின் பாட்டை மட்டம் தட்ட உபயோகிப்பது எனக்கு அசிங்கமாகப் படுகிறது.

இப்போது தங்கச்சிக்கு. "யாருக்குத் தெரியும்" என்று கேட்டாயே, 'பிளாக் மேஜிக் வுமன்' யார் எழுதியது என்று நினைத்தாய்? சான்டானா என்றுதானே? எழுதியவர் பீட்டர் கிரீன், 1968-இல் முதலில் வாசித்தது ஃப்ளீட்வுட் மேக். அவருடைய 1959 லெஸ் பால் கிட்டாரில் ஒரு பிக்-அப்பின் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற பாகத்தின்) காந்தம் தலைகீழாக இருந்தது. இரண்டு பிக்-அப்பையும் சேர்த்துப் போட்டால் ஒலி நடுவில் குழிந்து, மூக்கடைத்துக்கொண்டு அழுகிறவர் குரல் மாதிரி வரும். பழுது என்று கழற்றி எறிய வேண்டியதை வைத்துக்கொண்டு அவர் செய்த மாயத்துக்கு, புளூஸ் மேதை பி.பி. கிங்கே மனம்விட்டுப் பாராட்டியிருக்கிறார். அந்த கிட்டார் அப்புறம் கிட்டார் கலைஞர் கேரி மூரிடம் போய், இப்போது மெட்டாலிகாவின் கிர்க் ஹேமெட்டிடம் இருக்கிறது. கேட்காமலே தூக்கம் வருகிறது என்றால் எப்படி, சொல்?

அண்ணன் நிறுத்தினாரே அந்த 'ட்ரீம்ஸ்', அதையும் கொஞ்சம் பேசவேண்டும். கிட்டத்தட்ட முழுப் பாட்டும் எஃப், ஜி என்கிற இரண்டே கார்டில் (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டில்) நடக்கிறது. மெக்வீ அதன் கீழே அந்த இரண்டு சுரங்களையே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பார். வேறு ஒருவராக இருந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது நிரப்பியிருப்பார். வாசிக்காமல் இருக்கத் தெரிவது எங்கிருந்து வந்தது? வருஷக்கணக்காக புளூஸ் கிளப்களில் பாடகருக்குப் பின்னால் நின்று வந்தது. 'தி செயின்' பாட்டில் எல்லாம் அடங்கி பேஸ் மட்டும் தனியாக இறங்குகிற இடம் இருக்கிறதே, அதுவும் அதே விரல்தான். அண்ணனின் காது என் காதைவிடப் பத்து மடங்கு நல்ல காது. அவர் இதைக் கேட்க மறுப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆனால் இரண்டு கட்சியும் சேர்ந்து செய்கிற பெரிய அநியாயம் இன்னொன்று. 1970-க்கும் 1974-க்கும் நடுவில் ஆறு ஆல்பம் வந்தது. அதை ஒருத்தரும் பேசுவதில்லை. பதினெட்டு வயதில் வந்து சேர்ந்த கிட்டார் கலைஞர் டேனி கிர்வன், 'பேர் ட்ரீஸ்' ஆல்பத்தின் பாதிப் பாட்டுகளை எழுதியவர், எங்கே போனார் உங்கள் சண்டையில்? அப்போது ஜான் மெக்வீயின் மனைவியாக இருந்த கிறிஸ்டின் மெக்வீ 1970-லேயே வந்துவிட்டார், 'மிஸ்டர் வொண்டர்ஃபுல்' ஆல்பத்திலேயே பியானோ வாசித்தார். அவர் எந்தக் கட்சி? 1971-இல் லாஸ் ஏஞ்சலஸில் பேண்டின் கிட்டார் கலைஞர் ஜெரமி ஸ்பென்சர் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பியவர் ஒரு மதக் குழுவில் சேர்ந்துவிட்டார். 1974-இல் மேனேஜர் பேண்டின் பெயர் தனக்குத்தான் சொந்தம் என்று சொல்லி, சம்பந்தமே இல்லாத ஆட்களை ஃப்ளீட்வுட் மேக் என்ற பெயரில் அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்தார். அந்த நேரத்தில் மற்றவர்களைக் கலிபோர்னியாவுக்கு இழுத்துப்போய் பேண்டை நிற்கவைத்தவர் அப்போதைய கிட்டார் கலைஞர் பாப் வெல்ச். அவர் இல்லையென்றால் 'ரூமர்ஸ்' ஏது? 1998-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் எட்டுப் பேருக்கு மரியாதை செய்தார்கள், கிரீன் முதல் நிக்ஸ் வரை. வெல்ச் பெயர் அதில் இல்லை. ரசிகர்கள் பிளந்து வைத்த இடைவெளியில் விழுந்துபோன மனிதர் அவர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

'ரூமர்ஸ்' வந்து இரண்டு வருஷம் கழித்து, 1979-இல் 'டஸ்க்' வந்தது. அதில் 'பிரவுன் ஐஸ்' என்று கிறிஸ்டின் பாடுகிற ஒரு பாட்டு. அதில் பீட்டர் கிரீன் வந்து கிட்டார் வாசித்திருக்கிறார். நிக்ஸும் பக்கிங்ஹாமும் இருக்கிற அதே பேண்டில், ஆல்பத்தில் தன் பெயர் இல்லாமல். வருகிற ஞாயிறு அண்ணனும் வரட்டும், தங்கச்சியும் இருக்கட்டும். நான் முதலில் அதைத்தான் போடப்போகிறேன். பாட்டு முடிகிற வரை அது யார் கிட்டார் என்று சொல்ல மாட்டேன்.