'பறக்கும் பான்கேக்' பசிபிக் போரில் சண்டையிட்டதா?

தட்டு போல வட்டமான போர் விமானங்கள் கப்பலிலிருந்து வரிசையாகக் கிளம்பும் படம் ஒன்று சுற்றிவருகிறது. "1945-இல் ஜப்பானை எதிர்த்துப் பறந்த அமெரிக்க ரகசிய விமானம்" என்கிறது குறிப்பு. அது தவறு. படம் கற்பனை. ஆனால் அந்தக் கற்பனைக்கு விதையான விமானம் நிஜம்.

சார்லஸ் சிம்மர்மேன் வடிவமைத்த, 'பறக்கும் பான்கேக்' என்று செல்லப்பெயர் பெற்ற, வாட் நிறுவனத்தின் வி-173 விமானம் 1942 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது. மரமும் துணியும் கொண்டு செய்த, ஆயுதமே இல்லாத சோதனை விமானம் அது. இறக்கை முனைகளில் வழக்கமாக எழும் காற்றுச் சுழலுக்கு எதிர்த்திசையில் அதன் பெரிய புரொப்பல்லர்கள் சுற்றின. அதனால்தான் அவ்வளவு குட்டையான இறக்கையை வைத்துக்கொண்டும் மிக மெதுவாகப் பறக்க முடிந்தது. எவ்வளவு அழகான யோசனை!

அப்புறம் அதிலிருந்து உருவான போர் விமானம்தான் எக்ஸ்எஃப்5யூ. கட்டியது இரண்டே இரண்டு. ஓடுபாதைச் சோதனையில் தரையிலிருந்து சற்றே எழும்பியதோடு சரி, முறையாக ஒருமுறைகூடப் பறக்கவில்லை. ஜெட் காலம் வந்துவிட்டதால் 1947-இல் கடற்படை திட்டத்தைக் கைவிட்டது.

இப்படிக் கற்பனை விமானங்களை வரைபவர்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை, நானும் ரசிப்பவன்தான். 'கற்பனை' என்ற சொல்லையும் சேர்த்தே பகிருங்கள். அசல் வி-173 இன்றும் அமெரிக்காவில் பத்திரமாக இருக்கிறது.