குகைப் படிவு மழைமானி அன்று

மேகாலயாவின் மவ்ம்லு குகையில் கிடைத்த சுண்ணப் படிவு, 4,200 ஆண்டுகளுக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்பதைத் துல்லியமாகக் காட்டுகிறது என்றொரு செய்தி பகிரப்படுகிறது. இது தவறு.

குகைக் கூரையிலிருந்து சொட்டும் நீர் கரியமில வாயுவை இழக்கும்போது கால்சியம் கார்பனேட் படிகிறது; அந்தப் படிவில் ஆக்சிஜன்-18, ஆக்சிஜன்-16 ஆகிய ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின்) விகிதமே அளக்கப்படுகிறது. பருவமழை வலுக்கும்போது கனமான ஆக்சிஜன்-18 பொதுவாகக் குறைகிறது. ஆனால் ஈரப்பதம் எந்தக் கடலிலிருந்து எவ்வளவு தொலைவு கடந்து வந்தது என்பதும், மண்ணுக்குள் பழைய நீரும் புதிய நீரும் கலப்பதும் அவ்விகிதத்தை மாற்றிவிடுவதால், அதை அப்படியே மில்லிமீட்டராக மாற்றிவிட முடியாது. படிவின் வயதைச் சொல்வது, யுரேனியம் சிதைந்து தோரியமாக மாறிய அளவைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் யுரேனியம்-தோரியம் முறை. அதற்கும் பிழை வரம்பு உண்டு.

செய்தி எங்கிருந்து முளைத்திருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது: அக்குகைப் படிவில் தெரிந்த, ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய பருவமழைத் தளர்ச்சியை எல்லையாகக் கொண்டே 2018இல் 'மேகாலயன்' என்னும் புவியியல் காலப்பிரிவு ஏற்கப்பட்டது. அந்த எல்லை மழை வலுவிழந்ததையே குறிக்கிறது. எந்த ஆண்டில் எத்தனை மில்லிமீட்டர் குறைந்தது என்ற கணக்கை அன்று.