நேற்றுவரை ஓடிய பில்டுக்கு இன்று என்ன கேடு?

மூலநிரலை ஓடும் நிரலாகக் கட்டித் தரும் பில்ட் இயந்திரத்தை, லினக்ஸ் வகையான உபுண்டுவின் 22.04-ஆம் பதிப்புக்கு ஏற்றிவிட்டோம், இனி எல்லாம் பறக்கும் என்று அலுவலகத்தில் அறிவித்தார்கள். எங்கள் நிரலில் ஓர் எழுத்தைக்கூட யாரும் தொடாத நிலையில் பில்ட் படுத்துவிட்டது. படுத்தது எங்கள் நிரலும் அல்ல. கம்பைலரைக் கட்டுவதற்கும் முன்னால் கட்டியாக வேண்டிய, உரையை விரித்து எழுதும் கருவியான குனூ எம்4, பதிப்பு 1.4.18. வாடிக்கையாளர் ஒப்புதல் தந்த கருவிப் பட்டியலில் இருப்பது அந்தப் பதிப்புதான் என்பதால், "புதியதைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே" என்று அறிவுரை சொல்ல வருபவர்கள் வந்த வழியே திரும்பிவிடலாம்.

பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓடவிடும் மேக் என்ற பில்ட் கருவி, கடைசியில் "எரர் 2" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும் என்பது உங்களுக்கும் தெரிந்த கதைதான். உண்மையான பிழையைத் தேடித் திரையை மேலே மேலே தள்ளிக்கொண்டே போனால், சம்பந்தமே இல்லாத எச்சரிக்கைகளுக்கு நடுவில் அது ஒளிந்திருந்தது: எம்4-இன் சி-ஸ்டாக் கோப்பின் 55-ஆம் வரியில், திறப்பு அடைப்புக்குறிக்கு முன்னால் ஒரு செயற்குறியைக் காணவில்லையாம். 55-ஆம் வரியைத் திறந்தேன். அங்கே அடைப்புக்குறியே கிடையாது! வேறொரு நிபந்தனை, அதன் பின்னால் சிக்னல் அடுக்கின் (அவசர அறிவிப்புகளைக் கையாள ஒதுக்கும் நினைவகத்தின்) அளவைக் குறிக்கும் ஒரு மேக்ரோ, அதாவது கம்பைலுக்கு முன் வேறொன்றாக விரிக்கப்படும் பெயர், ஒரு 'விடச் சிறியது' குறி, 16384 என்ற எண், அவ்வளவுதான். இல்லாத அடைப்புக்குறிக்கு முன்னால் இல்லாத செயற்குறியை நான் எங்கே போய்த் தேடுவது?

அந்த அடைப்புக்குறியை உள்ளே கொண்டுவந்து வைத்தது, புதிய உபுண்டுவோடு வந்த ஜிலிப்சி, அதாவது லினக்ஸின் அடிப்படை சி நூலகம். எத்தனையோ ஆண்டுகளாக 8192 என்ற வெறும் எண்ணாக இருந்த அந்த மேக்ரோவை, 2021 ஆகஸ்டில் வந்த 2.34-ஆம் பதிப்பில் சிஸ்கான்ஃப் என்ற செயற்கூற்றின் அழைப்பாக மாற்றிவிட்டார்கள். புதிய செயலிகளின் பெரிய ஏவிஎக்ஸ்-512 பதிவகங்களைச் சேமிக்கப் பழைய அளவுகளை நம்ப முடியாது, ஆகவே நிரல் ஓடும்போது கேட்டறிவதே முறை என்பது அவர்கள் தரப்பு நியாயம். நியாயமாகவே இருக்கட்டும். ஆனால் கம்பைல் ஆவதற்கும் முந்தைய கட்டத்தில் இரண்டு எண்களை ஒப்பிடும் ப்ரீபிராசசர், எந்தச் செயற்கூற்றைப் போய் அழைக்கும்? பழைய பைனரிகள் (கட்டி முடித்த நிரல்கள்) என்றைக்கும் ஓடும் என்று மார்தட்டுகிறவர்களுக்கு, பழைய மூலநிரலைக் கம்பைல் செய்தாக வேண்டியவன் மனிதனாகவே தெரிவதில்லை போலும்.

இதே எம்4 1.4.18-ஐ இவர்கள் முடக்கியது இது முதல் முறையும் அல்ல. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28, உள்ளக மேக்ரோக்கள் சிலவற்றை நீக்கியதில், "தயவுசெய்து இந்தக் கோப்பை உங்கள் தளத்துக்கு ஏற்றபடி மாற்றி எழுதுங்கள்" என்ற பிழையோடு இதே பில்ட் நின்றது. அந்த அபூர்வமான தளத்தின் பெயர் லினக்ஸ்! (உள்ளக மேக்ரோக்களைத் தோண்டியது எம்4 பயன்படுத்தும் க்னுலிப் என்ற நூலகத்தின் குற்றம் என்று வாதிடலாம், அந்த வாதத்தைக் கேட்கும் மனநிலையில் நான் இல்லை.) இத்தனைக்கும் அந்த சி-ஸ்டாக் கோப்பு செய்யும் வேலை என்ன தெரியுமா? எம்4-இன் அடுக்கு நிரம்பி வழிந்தால், சாவதற்கு முன் மரியாதையாக ஒரு செய்தியை அச்சிடுவது. அந்தச் செய்தியைக் கண்ணால் பார்த்தவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்.

ஒருவழியாக அந்த வரிக்கு ஒட்டுப் போட்டு, எம்4 கட்டி, அதன்மேல் கம்பைலரையும் கட்டி முடித்து, இதே இயந்திரத்தில் ஓடும் சோதனைகளைத் தொடங்கினேன். சோதனைகளை எழுத உதவும் கேட்ச்2 நூலகத்தின் பிரம்மாண்டமான ஒற்றைத் தலைப்புக் கோப்பிலிருந்து உடனே ஒரு பிழை: கம்பைல் நேரத்திலேயே தெரிந்திருக்க வேண்டிய அடுக்கின் அளவுக்குள் சிஸ்கான்ஃப் அழைப்பு வந்துவிட்டதாம். காரணம், போன மேக்ரோவின் தம்பியான இன்னொரு மேக்ரோ, அதே 2.34-இல் மாறியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அடக்கவே முடியவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் அதைக் கேட்டு, பில்ட் முடிந்துவிட்டது என்று தாமாகவே முடிவு செய்து, "சிக்கல் தீர்ந்தது" என்று வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்.