பெண் சிற்பியிடம் பலத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்

ஒரு பெண் கல்லில் சிலை வடிக்கிறாள் என்று சொன்னவுடனே "அதுக்கெல்லாம் பலம் வேண்டாமா?" என்றுதான் கேட்கிறார்கள். இதைக் கேட்டாலே எனக்கு ஆத்திரமாக வருகிறது. கருங்கல்லை முரட்டு பலத்தால் யாரும் வென்றதில்லை, ஆணும்தான். உளியை எந்தச் சாய்வில் பிடிக்கிறோம், சுத்தியலை அதன் எடையிலேயே எப்படி விழவிடுகிறோம் என்பதில்தான் வேலையே இருக்கிறது. ஓங்கி அடித்து மூக்கு சிதறினால் சிலை போச்சு. பெரிய கல்லைப் புரட்ட ஆண்களும் கடப்பாறையும் கப்பியும்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

உண்மையில் தேவைப்படுவது வருடங்கள். முதலில் கோடு வரையப் பழக வேண்டும், அப்புறம் தாலமானம், அதாவது முக அளவை வைத்து மொத்த உருவத்தையும் பிரிக்கும் கணக்கு; பெரிய தெய்வங்களுக்கான உத்தம தசதாலம் என்ற அளவில் உச்சியிலிருந்து பாதம்வரை 124 பங்கு. தட்டிப் பார்த்து ஓசையில் கல்லின் தரம் அறிய வேண்டும், மழுங்கின உளியைக் காய்ச்சி அடித்துக் கூராக்கத் தெரிய வேண்டும். இதையெல்லாம் பட்டறையில் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்துதான் கற்க முடியும். அந்த இடம்தான் தலைமுறை தலைமுறையாக மகனுக்கே போனது.

கர்நாடகத்தின் கனகா மூர்த்தியைப் பாருங்கள். 1942-இல் டி. நரசீபுரத்தில் பிறந்தவர், சிற்பிகள் குடும்பம் இல்லை. பெங்களூரு கலாமந்திரத்தில் படிக்க வந்த இடத்தில் சிற்பி தேவலகுந்த வாதிராஜரைச் சந்தித்தார். அவர் இந்தப் பெண்ணைச் சீடராக ஏற்றுக்கொண்டார், அவ்வளவுதான், மீதியைக் கனகா மூர்த்தி உழைத்தே எடுத்துக்கொண்டார். தெய்வ உருவங்கள், இசைக் கலைஞர்களின் மார்பளவுச் சிலைகள், பெங்களூரு லால்பாக் பூங்கா வாசலில் கன்னடக் கவிஞர் குவெம்புவின் சிலை என்று நிறைய செய்தார். சிற்பத்துக்கான ஜகணாச்சாரி விருது அவருக்குக் கிடைத்தது. 2021-இல் கொரோனாவில் போய்விட்டார். வாதிராஜர் மட்டும் "பெண்ணுக்கு எதுக்கும்மா உளி" என்று திருப்பி அனுப்பியிருந்தால்? அப்படி அனுப்பப்பட்டவர்கள் பெயர் நமக்குத் தெரியவே தெரியாது.

நம் பக்கத்தில் மாமல்லபுரத்தில் அரசே 1957-இல் சிற்பப் பயிற்சியைத் தொடங்கியது பெரிய காரியம். அப்பா ஸ்தபதியாக இல்லாவிட்டாலும் படிக்கலாம். ஆனால் படிப்பு முடிந்தபின் கை தேறுவது பட்டறையில்தானே? அங்கே ஒரு பெண் நாள் முழுக்க வேலை செய்ய ஒழுங்கான கழிப்பறை வேண்டும், கல் தூசு நுரையீரலைத் தின்றுவிடாமல் இருக்க முகமூடியும் கல்லை நனைத்து அறுக்கும் ஏற்பாடும் வேண்டும் (இது ஆண்களுக்கும் சேர்த்துத்தான்). முக்கியமாக, மெருகு போட்டால் போதும் என்று ஓரமாக உட்கார வைக்காமல் முகம் செதுக்கக் கொடுக்க வேண்டும். பட்டறை நடத்தும் ஸ்தபதிகளே, அடுத்த முறை ஒரு பெண் வேலை கேட்டு வந்தால் கூலி பேசிவிட்டு உளியைக் கையில் கொடுங்கள்.