கூட உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்

குழந்தைகளுக்குக் கார்ட்டூன் போடும்போது வயதுக் குறியைப் பார்த்துப் போட்டாலே போதும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். 7+, 13+ என்ற குறியெல்லாம் மத்திய அரசின் 2021 விதிகளில், இணையம் வழியாகப் பார்க்கும் ஓடிடிக்குக் கொண்டுவந்தவை. எங்கள் பாலக்கோடு பக்கம் வீட்டில் ஓடுவது கேபிள். குழந்தைகள் நிகழ்ச்சியில் கெட்ட வார்த்தையும் அப்பட்டமான வன்முறையும் கூடாது என்று 1994 கேபிள் விதிகள் சொல்கின்றன, சரி. ஆனால் கார்ட்டூனில் அடிபட்டவன் நசுங்கி, மறுநொடி எழுந்து ஓடுவதை யார் வன்முறையில் சேர்க்கிறார்கள்?

என் மகளுக்கு ஐந்து வயது. போன மாதம் தம்பியைத் திண்ணையிலிருந்து தள்ளிவிட்டுச் சிரித்தபடியே நின்றாள். கார்ட்டூனில் வருகிற மாதிரி அவன் எழுந்து ஓடுவான் என்று காத்திருந்திருக்கிறாள். அவன் வீறிட்டு அழுததும், நெற்றி புடைத்ததைப் பார்த்து இவள் முகம் வெளுத்துப்போனது. "ஏம்ப்பா அவனுக்கு வலிக்குது?" என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

படமாக வரைந்திருந்தால் குழந்தைகளுக்கானது என்று நினைப்பதும் தப்பு. ஷின்சான் கார்ட்டூன் முதலில் 1990-ல் ஜப்பானில் பெரியவர்கள் படிக்கும் இதழில் வந்த படக்கதை. இங்கே 2008-ல் தடைகூடப் போட்டார்கள்.

இப்போது எந்தப் புது நிகழ்ச்சி என்றாலும் முதல் இரண்டு மூன்று நாள் நானும் கூடவே உட்காருகிறேன். அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று பார்க்கிறேன். டிவியை அணைத்த பிறகு தம்பியிடம் எப்படிப் பேசுகிறாள் என்பதை இன்னும் கவனமாகப் பார்க்கிறேன். அப்புறம், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்கும் அதைத் தாண்டவில்லை.