ஜென்சன் டெஸ்ட்ட விட்டுட்டீங்களே
மனக்கணக்கு மேதை சகுந்தலா தேவி பத்தி உங்க பதிவுல நல்லா எழுதிருக்கீங்க, ஆனா எல்லாரும் போடுற அதே 1980 லண்டன் பெருக்கல் கணக்கு, ரெண்டு 13 இலக்க நம்பர மனசுலயே 28 செகண்டுல பெருக்குனது, அதோட முடிச்சிட்டீங்க. 1988ல அமெரிக்கால ஆர்தர் ஜென்சன்னு ஒரு சைக்காலஜி புரொபசர் அவங்கள டெஸ்ட் பண்ணாரு, 61,629,875க்கு கன மூலம் (எந்த நம்பர மூணு தடவ போட்டு பெருக்குனா இது வரும்னு) கேட்டா அவரு நோட்டுல எழுதி முடிக்கிறதுக்குள்ளயே 395ன்னு சொல்லிட்டாங்களாம் (நான் கால்குலேட்டர்ல போட்டுப் பாத்தேன், கரெக்ட்டுதான்). இதவிட ஆச்சரியம் என்னன்னா, லைட் எரிஞ்சதும் பட்டன தட்டுற மாதிரி சாதாரண வேக டெஸ்ட்ல அவங்க நம்மள மாதிரிதான், பெருசா ஒண்ணும் இல்ல. அப்போ மூளையே ஸ்பீடுன்னு சொல்றது தப்பு. சின்ன வயசுல இருந்து நம்பரோடயே வாழ்ந்தவங்க, அப்பா சர்க்கஸ்காரர், ஸ்கூல் படிப்பும் பெருசா கெடையாது. அப்புறம் 1980ல மேடக் தொகுதில இந்திரா காந்திய எதுத்து எலெக்‌ஷன்ல நின்னாங்களே, அதையும் காணோம்!