புதுப் பாட்டோடு திரும்பி வருகிறவர்கள்

ஒரு காலத்தில் பாட்டு எழுதிக்கொண்டிருந்த ஒருவர் நடுவில் அதை விட்டுவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் மறுபடி எழுத உட்கார்ந்தால், அவரிடம் சொல்வதற்கு நம்மிடம் இரண்டு வசனங்கள் தயாராக இருக்கின்றன. "இந்த வயசுல எதுக்குப்பா இதெல்லாம்?" என்பது ஒன்று. "அந்தப் பழைய பாட்ட ஒரு தடவ பாடேன்" என்பது இன்னொன்று. முதலாவதுகூடத் தேவலாம், கோபத்திலாவது அவர் எழுதி முடித்துவிடுவார். இரண்டாவதுதான் ஆளைக் கவிழ்த்துவிடும். அன்பாகக் கேட்கிறார்கள், மறுக்க முடியாது. பாடி முடித்தால் கைதட்டலும் கிடைக்கும். புதிதாக எழுதியது அப்படியே உள்ளே போய்விடும்.

இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. திரும்பி வருகிறவர் முதலில் புதுப் பாட்டோடு வர வேண்டும். பழைய பெயர், பழைய பாட்டு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், கிளின்ட் கான்லி என்ற பாஸ்டன்காரரின் கதை பல வருடங்களாக என் மனதை விட்டுப் போகவில்லை.

கான்லி பேஸ் கிட்டார் வாசிப்பவர். 1979இல் பாஸ்டனில் ஆரம்பித்த மிஷன் ஆஃப் பர்மா என்ற ராக் குழுவில் இருந்தார். கிட்டாருக்கு ரோஜர் மில்லர், டிரம்ஸுக்கு பீட்டர் பிரெஸ்காட். நான்காவது ஆளான மார்ட்டின் ஸ்வோப் மேடைக்கே வரமாட்டார். மிக்சிங் மேசைப் பக்கம் ஒரு டேப் ரெக்கார்டரோடு இருந்துகொண்டு, மற்ற மூவரும் வாசிப்பதை அந்தந்த நிமிடத்திலேயே பதிவு செய்து, வேகத்தை மாற்றி, தலைகீழாகத் திருப்பி, ஓடிக்கொண்டிருக்கும் அதே பாட்டுக்குள் மறுபடி விடுவார். மூன்று பேர்தான் கண்ணுக்குத் தெரிவார்கள், ஆனால் நாலாவதாக ஏதோ ஒன்று பாட்டுக்குள் சுற்றிச் சுற்றி வரும். இன்றைக்கு லேப்டாப்பில் சுலபமாகச் செய்துவிடுகிற வேலையை, அன்றைக்கு நாடாச் சுருளை வைத்து, நேரலையில் செய்தார் மனிதர்.

1980இல் முதல் சிங்கிள் (தனிப்பாட்டு வெளியீடு), 1981இல் ஆறு பாட்டோடு ஒரு ஈ.பி. (ஆல்பத்தைவிடச் சின்ன தட்டு), 1982இல் 'வெர்சஸ்' என்ற முழு ஆல்பம். எல்லாம் ஏஸ் ஆஃப் ஹார்ட்ஸ் என்ற உள்ளூர் லேபிளில், அதாவது இசைத்தட்டு நிறுவனத்தில், வந்தவை. 1983இல் குழு கலைந்துவிட்டது. சண்டை சச்சரவு எதுவும் காரணமில்லை. மில்லரின் காதில் ஓயாத இரைச்சல் ஆரம்பித்திருந்தது. வெளியில் சத்தமே இல்லாதபோதும் உள்ளே கேட்டுக்கொண்டே இருக்கும் அந்த 'டின்னிடஸ்' கோளாறுதான். கடைசிக் கச்சேரிகளில், துப்பாக்கி சுடும் பயிற்சி இடங்களில் மாட்டுவார்களே, அந்தக் கனமான காது உறையை மாட்டிக்கொண்டு வாசித்தார். அதற்கு மேல் முடியவில்லை. அவர்கள் வாசித்த சத்தமே அவர்களை நிறுத்திவிட்டது.

அதற்குப் பிறகு மில்லர் பியானோ பக்கம் போனார், ஸ்வோப்பும் கூடப் போனார். பிரெஸ்காட் உடனே வால்கேனோ சன்ஸ் என்று வேறு குழு ஆரம்பித்தார். கான்லி மட்டும் இசையிலிருந்து கிட்டத்தட்ட முழுவதுமாக ஒதுங்கிக்கொண்டார். 1986இல் யோ லா டெங்கோ குழுவின் முதல் ஆல்பத்தைத் தயாரித்துக் கொடுத்தார், பெரிதாகச் சொல்ல அவ்வளவுதான். பாஸ்டனின் டபிள்யூ.சி.வி.பி. தொலைக்காட்சியில் தயாரிப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார். 'குரோனிக்கிள்' என்ற உள்ளூர் நிகழ்ச்சிக்காக, அந்த வட்டாரத்து ஊர்களையும் மனிதர்களையும் பற்றிய செய்திப் படங்கள் எடுக்கிற வேலை. குடும்பம், அலுவலகம், வீடு.

இதற்கிடையில் அவர் எழுதிய பாட்டுகள் அவர் இல்லாமலேயே ஊர் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த முதல் சிங்கிளில் வந்த பாட்டு அவர் எழுதியது. பிற்பாடு ஆர்.ஈ.எம். குழு அதைப் பாடிப் பதிவு செய்தது. ஈ.பி.யின் முதல் பாட்டும் அவருடையதுதான். அதை 1996இல் மோபி பாடினார். உலகம் முழுக்கத் தெரிந்த பாடகர்கள் பாடிக்கொண்டிருக்க, எழுதியவர் தொலைக்காட்சி நிலையத்தில் எடிட்டிங் பார்த்துக்கொண்டிருந்தார். பழைய பாட்டை வைத்துத் திரும்பி வருவதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? ஒரு மேடை ஏறி அந்த இரண்டு பாட்டைப் பாடினால் போதும், அரங்கம் எழுந்து நின்றிருக்கும்.

அவர் அப்படி வரவில்லை. புதிய நூற்றாண்டு ஆரம்பித்த சமயத்தில், அவ்வளவு வருட மௌனத்துக்குப் பிறகு, மறுபடி பாட்டு எழுத ஆரம்பித்தார். எழுதிய பாட்டுகளுக்காக ஆள் தேடினார். 2001இல் கான்சொனன்ட் என்ற குழு உருவானது. பழைய கூட்டாளிகளில் ஒருவர்கூட அதில் இல்லை. கிறிஸ் புரோக்கா கிட்டார். இவர் கோடைன் என்ற குழுவில் டிரம்ஸ் வாசித்தவர், கம் என்ற குழுவில் கிட்டார் வாசித்தவர். பேஸுக்கு ஃபஸி குழுவிலிருந்து வின்ஸ்டன் பிரேமன். டிரம்ஸுக்கு மேட் கடேன். இந்த கடேன், பெட்ஹெட் என்ற டெக்சாஸ் குழுவில் தன் சகோதரரோடு சேர்ந்து கிட்டார் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தவர். இங்கே அவர் டிரம்ஸ் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். பேஸுக்குப் பெயர் வாங்கிய கான்லியே பேஸைப் பிரேமனிடம் கொடுத்துவிட்டு கிட்டாரை எடுத்துக்கொண்டார். எனக்கு இந்தக் குழுவில் ரொம்பப் பிடித்த சங்கதி இது. ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு குழுவின் வரலாறு இருக்கிறது. ஆனாலும் நடுவில் இருந்த பாட்டுக்கு என்ன தேவையோ அதைச் செய்யத்தான் ஒவ்வொருவரும் வந்திருக்கிறார்கள்.

வரிகளிலும் அப்படித்தான். ஹாலி ஆண்டர்சன் என்ற கவிஞர் மிஷன் ஆஃப் பர்மா காலத்திலேயே கான்லிக்கு ஒரு பாட்டுக்கு வரிகள் கொடுத்தவர். கான்சொனன்டில் பல பாட்டுகளுக்கு அவருடைய வரிகளைத்தான் கான்லி எடுத்துக்கொண்டார். இசை வந்துவிட்டது, சொல் வரவில்லை என்று எத்தனை பேர் பாதியிலேயே கிடப்பில் போட்டு வைத்திருக்கிறார்கள் தெரியுமா? எல்லாவற்றையும் தானேதான் செய்ய வேண்டும் என்ற பிடிவாதம் இருபது வயதில் அழகாக இருக்கலாம். பல வருடம் கழித்துத் திரும்புகிறவருக்கு அது பெரிய இடைஞ்சல். சொல் இருக்கிறவரிடம் சொல்லைக் கேட்டு வாங்கிக்கொள்வதில் என்ன கௌரவக் குறைச்சல்?

2002இல் முதல் ஆல்பம், குழுவின் பெயரிலேயே, ஃபென்வே ரெக்கார்டிங்ஸ் என்ற சின்ன பாஸ்டன் லேபிளில் வந்தது. அடுத்த வருடமே இரண்டாவது ஆல்பம். பர்மாவின் பாட்டுகள் பாய்ந்து வந்து மேலே விழும். இவற்றில் அந்த முரட்டுத்தனம் அடியில் ஓடுகிறது, மேலே மெட்டு தெளிவாக நிற்கிறது. இரண்டு கிட்டாரும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் நடக்கின்றன. கான்லியின் குரலில் கொஞ்சம் கரகரப்பு இருக்கும், உச்சத்துக்குப் போகும்போது லேசாகப் பிசிறும். அதை மறைக்க எந்த ஜோடனையும் செய்யவில்லை. ஆசை, ஏக்கம், உறவு முறிந்த பிறகு இருக்கிற குழப்பம் எல்லாவற்றையும் நாற்பதைத் தாண்டிய ஒரு மனிதர், அந்த வயதின் குரலிலேயே பாடுகிறார். இருபத்தைந்து வயதில் அவரால் இந்தப் பாட்டுகளை எழுதியிருக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குப் போன கலைஞனைப் பற்றிப் பேசினாலே நாம் துக்க வீட்டுக்குப் போனது போலக் குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். "என்ன திறமை, பாவம், வேலைல மாட்டிக்கிட்டான்." எனக்கு இந்தப் பரிதாபம் பிடிப்பதே இல்லை. மாதச் சம்பளம் வருகிற ஒருவருக்குத் தன் பாட்டை யாருக்காகவும் வளைக்க வேண்டிய அவசியம் கிடையாது. இந்தப் பாட்டு ஓடினால்தான் வாடகை என்ற நிலைமை இல்லை. ஓடவில்லை என்றாலும் அடுத்த பாட்டு எழுதலாம். கான்லி விஷயத்தில் இன்னொன்றும் தோன்றுகிறது. ஊர் ஊராகப் போய் மனிதர்கள் பேசுவதைக் கேட்டு, அதில் தேவையானதை மட்டும் வைத்து மீதியை வெட்டுகிறவருக்கு, பாட்டில் எது மிச்சம் என்று தெரியாமல் போகுமா? இது என் ஊகம்தான். ஆனால் கான்சொனன்ட் பாட்டுகளில் வீணாக ஒரு சுற்றுகூட ஓடாததைக் கேட்கும்போதெல்லாம் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

சரி, பழைய குழு என்ன ஆனது? அதுவும் திரும்பி வந்தது. 2002 ஜனவரியில் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் மிஷன் ஆஃப் பர்மா மறுபடி மேடை ஏறியது. ஸ்வோப் வரவில்லை. அவருடைய டேப் வேலையை ஷெல்லாக் குழுவின் பாப் வெஸ்டன் எடுத்துக்கொண்டார். மில்லரின் காதைக் காப்பாற்ற டிரம்ஸுக்கு முன்னால் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தடுப்பை நிறுத்தினார்கள். அவர் பழையபடி காது உறையோடு வாசித்தார். ரசிகர்களின் ஆசைக்காகச் சில கச்சேரிகள், அப்புறம் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் 2004, 2006, 2009, 2012 என்று நான்கு புது ஆல்பங்கள் வந்தன. இளமைக் காலத்தில், சிங்கிளை விட்டால், அவர்கள் போட்டது ஒரு ஈ.பி.யும் ஒரு முழு ஆல்பமும்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வாழ்க்கை முதலாவதைவிட நீளமாகவும் நிறைவாகவும் அமைந்துவிட்டது. கான்லி அந்தக் கதவுக்குள் நுழைந்தபோது, ஏற்கெனவே புதுப் பாட்டு எழுதிப் பழகிய கையோடு நுழைந்தார். அதனால்தான் அது வெறும் பழைய மாணவர் சந்திப்பாக முடியவில்லை என்பது என் கட்சி.

கான்சொனன்ட் இரண்டு ஆல்பத்தோடு அடங்கிவிட்டது, அப்படியானால் தோல்விதானே என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். எதை வைத்துத் தோல்வி? எழுத வேண்டிய பாட்டுகள் இருந்தன, எழுதினார்கள், நன்றாகப் பதிவு செய்தார்கள், வெளியிட்டார்கள். இன்றைக்கும் கேட்கலாம். ஒரு சுயாதீன ராக் குழுவிடம் இதற்கு மேல் எதைக் கேட்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை.

இவ்வளவு தூரத்துக் கதையை இன்றைக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், போன மாதம் ஒரு நண்பர் வீட்டில் கூடியிருந்தோம். கல்லூரியில் எங்கள் கூட்டத்துக்கே பாட்டு எழுதியவர் அவர். இப்போது கணக்குத் தணிக்கை வேலை. அலமாரிக்கு மேலே இருந்து கிட்டாரை இறக்கினார். கம்பிகள் புதிதாக மின்னின. இடது கை விரல் நுனிகளைத் தற்செயலாகப் பார்த்தேன். தோல் தடித்து, கம்பி அழுந்திய கோடு கோடாகத் தடம் இருந்தது. ஒரே நாள் வாசித்தால் கொப்புளம்தான் வரும். இந்தத் தடிப்பு வர வாரக்கணக்கில் விடாமல் வாசித்திருக்க வேண்டும். மனிதர் யாரிடமும் சொல்லாமல் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எல்லோரும் பழைய பாட்டைக் கேட்டார்கள், வாசித்தார். பிறகு யாரும் கேட்காமலேயே புதிதாக ஒன்றை ஆரம்பித்தார். மெதுவான ரிஃப் (திரும்பத் திரும்ப வருகிற கிட்டார் துணுக்கு), அதன் மேல் இரண்டே வரி, பேச்சுத் தமிழில். மூன்றாவது வரிக்குப் போவதற்குள் ஒருவர், "மச்சி, அந்த ஃபேர்வெல் பாட்டு போடுடா" என்றார். கூடவே இன்னொருவர், "இதெல்லாம் சினிமாவுக்கு அனுப்புடா, யாராவது வாங்குவாங்க" என்றார். இரண்டு பேரும் அவர் மேல் உயிரை வைத்திருப்பவர்கள்தான். அவரும் சிரித்துக்கொண்டே ஃபேர்வெல் பாட்டுக்கு மாறிவிட்டார். எனக்கு அன்றைக்கு இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் போன் செய்து அந்த இரண்டு வரியைப் பற்றிப் பேசினேன். இதுபோல நிறையவே இருக்கிறதாம், எல்லாம் போனில் பதிந்து வைத்திருக்கிறாராம். கான்சொனன்டின் முதல் ஆல்பத்தை அனுப்பினேன். கேட்டுவிட்டு அவரே கூப்பிட்டார். டிரம்ஸுக்கு அவர் அலுவலகத்திலேயே ஒருவர் கிடைத்துவிட்டார். வரிகளுக்கு உதவ ஒரு கவிஞர் தோழியிடம் பேசியிருக்கிறோம். கோடம்பாக்கம் பக்கம் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கிற ஒரு ஜாம் பேடில் (வாசித்துப் பழகுகிற அறையில்) ஞாயிற்றுக்கிழமை காலையில் இடம் சொல்லியாயிற்று. பேஸ் வாசிக்க ஆள்தான் இன்னும் இல்லை. வயது ஒரு பொருட்டே அல்ல, பல வருடம் தொடாமல் இருந்தவர்களும் வரலாம். அடுத்தவர் பாட்டை எடுத்துப் பாடுகிற கவர் பாட்டு கிடையாது, ஃபேர்வெல் பாட்டும் கிடையாது. ஆர்வம் இருப்பவர்கள் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள்.